முதுகுக்கு ஒரு சுவர்

போன வாரம் அத்தையைப் பெட்டியும் கையுமாக வாசற்படியில் நிற்க வைத்துவிட்டு முடித்திருந்தேன். ஒரு வாரமாக அங்கேயே நிற்கிறாரே, கால் வலிக்காதா என்று யாரும் கவலைப்பட வேண்டாம். அத்தை அப்படி நிற்கிற ஆள் இல்லை. மத்தியானப் பேருந்துக்குத்தான் கிளம்பப்போவதாகச் சொல்லி, பெட்டியை வாசலிலேயே வைத்துவிட்டு, உள்ளே போய் மாமாவின் சட்டைகளுக்கு இஸ்திரி போட ஆரம்பித்துவிட்டார். கோபித்துக்கொண்டு போகிற பெண்டாட்டி வீட்டைச் சுருக்கம் இல்லாமல் விட்டுவிட்டுப் போக வேண்டும் என்பது அவர் கொள்கை.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த வீட்டுப் பெரியவர் பட்டாளத்தில் சார்ஜென்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு ஒரு மனைவி, ஒரு மகள், அந்த மகளுக்கு ஒரு கணவர். அந்தக் கணவர் ‘மாமா’, ‘அத்தை’ என்று கூப்பிடுவதால் நாமும் அப்படியே கூப்பிட்டுவிடலாம். அவரை ‘மாப்பிள்ளை’ என்போம். மாமாவுக்கு மட்டுமா, பாதி ஊருக்கே அவர் மாப்பிள்ளைதான். அது எப்படி என்று சொல்கிறேன்.

மாமா போரிலிருந்து வந்து எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் அவருக்குத் திடீர்ச் சத்தம் ஆகாது. பின்னால் ஆள் நின்றால் ஆகாது. உணவகத்துக்குப் போனால் சுவரில் முதுகு படுகிற மேஜை வேண்டும், இல்லாவிட்டால் சாப்பாடே வேண்டாம். அவருக்காக அத்தை கல்யாணம் ஆன நாளிலிருந்து வீட்டில் ஒவ்வொரு சத்தத்தையும் முன்கூட்டியே அறிவித்துவிடுவார். “மிக்ஸி போடறேன்.” “கதவைச் சாத்தறேன்.” “கரண்டி விழப் போகுது.” பழக்கம் முற்றிப்போய், ஒருமுறை பல் டாக்டர் முன்னால் உட்கார்ந்து, “வாயைத் திறக்கறேன்” என்று அறிவித்தார்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்த குடும்பத்தில், இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி மாமா தூக்கத்தில் பழைய இடத்துக்குப் போய்விட்டார். பக்கத்தில் படுத்திருந்த அத்தையின் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கிவிட்டார். கண் திறந்தபோது அத்தை, “நான்தாங்க, நான்தாங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார். மணிக்கட்டு ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. மாமா சரியாகவில்லை.

மறுநாளே தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்துவிட்டார். வாசற்கதவைப் பார்த்தபடி ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, தூக்கம் வந்தால் தூக்கம், வராவிட்டால் காவல் என்று இரவுகளைக் கழித்தார். அதோடு விட்டாரா? படுக்கையறைக் கதவைச் சாத்தவே கூடாது என்றார். அறை ஓரத்தில் இருந்த ஆளுயரக் கண்ணாடியைக் கழற்றி வாசற்கதவுக்குப் பக்கத்தில் மாட்டினார். அட்டையை மடித்து அதன் பின்னால் சொருகி, ஒரு தினுசாகச் சாய்த்தும் வைத்தார். அன்றிலிருந்து அத்தை தலைவாரப் போனால் கண்ணாடியில் தன் ஒரு காது மட்டும் தெரிகிறது. ஏன் இப்படி என்று கேட்டால், வாசலில் வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்பார். காதுக்கு எதற்கு வெளிச்சம் என்று அத்தை கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

மாமாவுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரம்மாதான் உடற்பயிற்சி வகுப்புக்கு எழுதிக் கொடுத்தார். மாத்திரையை நிறுத்தக் கூடாது, தன்னிடம் வந்து பேசுவதையும் நிறுத்தக் கூடாது, இது அவற்றுக்குத் துணை என்று தெளிவாகச் சொன்னார். நெஞ்சு படபடவென்று அடித்தாலே ஆபத்து என்று மாமாவின் உடம்பு முடிவு கட்டி வைத்திருக்கிறது, ஓடினாலும் குதித்தாலும்கூட அது அப்படித்தான் அடிக்கும் என்று உடம்புக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிய வைக்க வேண்டும், களைத்தால் தூக்கமும் வரும் என்றார்.

எல்லாம் சரி. ஊரில் பழைய பட்டாளக்காரர்களுக்கென்று நடக்கிற ஒரே வகுப்பை நடத்துகிறவர் யார் தெரியுமோ? மாப்பிள்ளை.

மாமாவுக்கு மாப்பிள்ளை என்றால் தனி மரியாதை. வாங்க, உட்காருங்க, சாப்பிடுங்க என்பதைத் தாண்டி அவரோடு பேசியதே கிடையாது. மாப்பிள்ளைக்கும் அப்படித்தான். மாமா எதிரில் கால்மேல் கால் போடக்கூட மாட்டார். அப்படிப்பட்ட மாப்பிள்ளை எந்த வாயால், “குனிங்க மாமா” என்று சொல்வது?

முதல் வகுப்பில் நின்ற இடத்திலேயே ஓடச் சொன்னதும் மாமாவுக்கு நெஞ்சு அடிக்க ஆரம்பித்தது. கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். இரண்டாவது வகுப்பிலும் அதே கதை. மூன்றாவதில், தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி, வீட்டுக்குப் போய்க் குடித்தார்.

அதற்குப் பிறகுதான் அத்தை பெட்டியை இறக்கினார். இன்றைக்கு ஒரே ஒரு வகுப்பை முழுதாக முடிக்க வேண்டும். முடித்தால் பெட்டி உள்ளே போகும். பாதியில் வெளியே வந்தால், பெட்டியும் அத்தையும் தங்கை வீட்டுக்குப் போகும். மாமாவை நம்பி வீட்டில் காத்திருக்கவும் அத்தை தயாராக இல்லை. பெட்டியோடு கூடவே வருவார், உட்கார்ந்து பார்ப்பார், தேவைப்பட்டால் அங்கிருந்தே பேருந்துக்குப் போவார். தங்கைக்கும் காலையிலேயே போன் போட்டுவிட்டார். மத்தியானப் பேருந்தில் தான் வரவில்லை என்றால் இவர் பேச்சில் மயங்கிவிட்டதாக அர்த்தம், நீயே வந்து இழுத்துக்கொண்டு போ என்று உத்தரவு.

தங்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் தெருமுனையில் இறங்கும்போதே குரல் வீட்டுக்குள் வந்துவிடும். அறிவிப்பு என்கிற வழக்கமே அவரிடம் கிடையாது.

இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு வந்த மாமா, பெட்டியைப் பார்த்தார். அப்புறம் அத்தையின் கையைப் பார்த்தார். அவருக்குப் பேச்சு சுலபத்தில் வராது. வந்தபோது தவறான பேச்சாக வந்தது.

“நீ போறதும் நல்லதுதான். உன் கைக்கு நல்லது.”

அத்தை, “இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைக்கறேன்” என்று அறிவித்து, அதேபோல நிமிர்த்தி வைத்தார். கோபத்திலும் கடமை தவறவில்லை.

“என் கைக்கு ஒண்ணுமில்ல. பக்கத்துல ஆள் இல்லாம எனக்குத்தான் தூக்கம் வரல. அதுக்கு மாத்திரை இருக்கான்னு உங்க டாக்டரம்மாகிட்ட கேட்டுச் சொல்லுங்க.”

மாமா பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். தன் மனைவி தன்னை விட்டுப் போவதற்கான பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு போன கணவர் அந்தத் தெருவில் அவர் ஒருவர்தான்.

அதே நேரத்தில் மாப்பிள்ளை வீட்டிலும் சூடு குறைவில்லை. மகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள், எதையும் தெளிவாகத்தான் பார்ப்பாள், தெளிவாகத்தான் சொல்வாள். இன்றைக்கும் அப்பாவைப் பாதியில் வெளியே விட்டுவிட்டால், மாப்பிள்ளையும் அம்மாவோடு சேர்ந்து சித்தி வீட்டுக்கே போய்விடலாம் என்று சொல்லிவிட்டாள்.

மாப்பிள்ளை சிரித்தார். அவரிடம் இன்று ஒரு திட்டம் இருந்தது.

திட்டம் என்ன என்பதற்கு முன்னால் அந்த வகுப்பின் தலைவலி என்ன என்று தெரிய வேண்டும். சமூகக் கூடத்தின் பெரிய ஹால். மூன்று பக்கம் ஜன்னல். வாசலுக்கு நேர் எதிரே மட்டும் நல்ல அழுத்தமான சுவர். வருகிற ஏழெட்டுப் பேருமே போர் பார்த்தவர்கள், அதனால் ஏழெட்டுப் பேருக்கும் அந்தச் சுவர்தான் வேண்டும். ஹாலின் நடுவில் நிற்க ஒரு ஆள் இல்லை. எல்லாரும் தோளோடு தோள் ஒட்டிச் சுவரோரமாக நிற்க, எதிரே மாப்பிள்ளை மட்டும் தனியாக நிற்பார். குற்றவாளியை அடையாளம் காட்ட வந்த சாட்சி மாதிரி இருக்கும். கையைப் பக்கவாட்டில் தூக்குங்கள் என்றால் அடுத்தவர் காதில்தான் தூக்க முடியும்.

சுவரில் நல்ல இடம் பிடிப்பதற்குப் போட்டி வேறு. பத்து மணி வகுப்புக்கு முதலில் ஒருவர் கொஞ்சம் முன்னால் வந்தார். அடுத்த முறை இன்னொருவர் அவருக்கும் முன்னால் வந்தார். போகப் போக, காவலாளி வந்து பூட்டைத் திறக்கும்போது வாசலில் ஒரு படையே நிற்க ஆரம்பித்தது. போருக்குப் போனபோதுகூட இவ்வளவு சுறுசுறுப்பாகக் கிளம்பியதில்லை என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள்.

இந்தக் கூட்டத்தில் மூன்று பேரைத் தெரிந்துகொண்டால் போதும். ஒருவர் மாமா. இன்னொருவர் நர்ஸம்மா, போர்முனை ஆஸ்பத்திரியில் இருந்தவர், யாரையும் அதட்டாமல் விட்டதில்லை. மூன்றாமவர் சமையல்காரர். பட்டாளத்துக்கு ஆக்கிப் போட்டவர், ஆள் பருமன், சுவரில் ஒன்றரை ஆள் இடம் பிடிப்பார். மாமாவுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. கரண்டி பிடித்தவனுக்கு என்ன அதிர்ச்சி, குழம்பு கருகிவிட்டதா என்று முதல் வகுப்பிலேயே காதுபடச் சொல்லியிருந்தார். சமையல்காரர் சுவரோடு இன்னும் கொஞ்சம் ஒட்டி நின்றுகொண்டார்.

மாமா மரியாதையாக, “மாப்பிள்ளை” என்று கூப்பிடுவதைக் கேட்டு மற்ற எல்லாரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். மாப்பிள்ளைக்கு வாய்த்த மாமனார்கள் ஏழெட்டுப் பேர். அத்தனை பேரையும் சுவரிலிருந்து பெயர்க்க வேண்டும்.

திட்டம் இதுதான். கூடத்துக்கு அன்று பெயின்ட் அடிக்கிறார்கள். அந்தச் சுவர் முழுக்கப் பச்சை, ஈரம் காய்ந்திருக்காது. இன்றைக்கு எப்படிச் சாய்வார்கள் பார்க்கலாம், வேறு வழியில்லாமல் நடுவுக்கு வந்துதானே ஆக வேண்டும் என்று மாப்பிள்ளை விசிலடித்துக்கொண்டே வந்தார்.

ஹாலுக்குள் நுழைந்ததும் விசில் நின்றுவிட்டது.

அத்தனை பேரும் சுவரோரமாகத்தான் நின்றார்கள். பெயின்டர் தூரிகையைப் பிடித்தபடி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னேன் சார், கேட்கவில்லை, நகருங்கள் என்றேன், தங்களைச் சுற்றி அடித்துக்கொள்ளச் சொன்னார்கள் என்றார். முதல் பூச்சு காயுமுன்பே அவர்கள் சாய்ந்துவிட, அந்த மனுஷரும் நிஜமாகவே அவர்களைச் சுற்றித்தான் இரண்டாவது பூச்சை அடித்திருந்தார். நர்ஸம்மாவின் இருபுறமும் அழகாகப் பச்சை விளிம்பு கட்டியிருந்தது. சமையல்காரரின் முதுகு சுவரோடு ஒன்றாகவே ஆகியிருந்தது. மாமாவின் இஸ்திரி போட்ட சட்டையை அத்தை பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டார்.

பிறகு வாசலை ஒட்டிப் பெட்டியைப் படுக்கப் போட்டு, “உட்காரறேன்” என்று அறிவித்துவிட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

மாப்பிள்ளை கையைப் பிசைந்தார். கடைசியில் வேறு வழி தெரியாமல், இருந்த இடத்திலேயே வகுப்பை ஆரம்பித்தார். கழுத்தைத் திருப்பினார்கள். தோளைச் சுழற்றினார்கள். மெதுவாக நின்ற இடத்திலேயே நடக்கச் சொன்னார். நடந்தார்கள். கொஞ்சம் வேகம் என்றார். மாமாவின் முகம் மாறுவதை அத்தை கவனித்தார். நெஞ்சு அடிக்க ஆரம்பித்துவிட்டது என்று அவருக்குத் தெரியும். பெட்டியின் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். போகாதீங்க, போகாதீங்க என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அந்த நேரம் பார்த்துப் பெயின்டரின் சாரத்திலிருந்து இரும்புப் பலகை ஒன்று சரிந்து தரையில் விழுந்தது.

வெற்று ஹாலில் அந்தச் சத்தம் எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தபோது சுவரில் ஏழெட்டு ஆள் உருவங்கள் மட்டும் பெயின்ட் அழிந்து தெரிந்தன. ஆட்கள் யாரும் இல்லை. எல்லாரும் தரையில் கவிழ்ந்து கிடந்தார்கள். நர்ஸம்மா இரண்டு கைகளாலும் தலையைப் பொத்தியிருந்தார். வேடிக்கையாக ஆரம்பித்த காலைதான், ஆனால் அந்தக் கணத்தில் அங்கே யாரும் சிரிக்கவில்லை.

முதலில் எழுந்தவர் மாமா. முகம் வெளுத்திருந்தது. யாரையும் பார்க்காமல் நேராக வாசலை நோக்கி நடந்தார்.

வாசலில் பெட்டி. பெட்டிமேல் அத்தை.

திட்டுவார் என்றுதான் மாப்பிள்ளை நினைத்தார். அத்தை திட்டவில்லை. கணவரின் முகத்தைப் பார்த்த பிறகு அவருக்குப் பந்தயம், பேருந்து, தங்கை எல்லாம் மறந்துவிட்டன. எழுந்தார். பெட்டியின் ஒரு சக்கரம் ஊரைக் கூட்டிக் கத்தும் என்பதால் அப்போதும் சொல்லிவிட்டுத்தான் நகர்த்தினார்.

“வழி விடறேன். பெட்டி சத்தம் போடும்.”

சக்கரம் கிறீச்சிட்டது. மாமா வாசலில் ஒரு காலை வைத்துவிட்டார். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சமையல்காரருடையது. இன்னும் தரையில்தான் இருந்தார், எழுந்திருக்க முடியவில்லை, பெரிய உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தது.

“யாராவது என் பின்னால வந்து நில்லுங்களேன்.”

உரக்கக்கூடச் சொல்லவில்லை. யாரையும் குறிப்பிட்டும் சொல்லவில்லை. கேட்கக் கூடாததைக் கேட்கிற கூச்சத்தோடு கேட்டார்.

மாமா நின்றார். அவர் சார்ஜென்ட்டாக இருந்தவர். அந்தக் குரல் காதில் விழுந்த பிறகு வெளியே போகிற கால் அவருக்குக் கிடையாது. திரும்பி நடந்தார். நெஞ்சு அடித்துக்கொண்டே இருந்தது, அடித்த நெஞ்சோடு நடந்தார். சமையல்காரரின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினார். அவர் முதுகோடு தன் முதுகைச் சேர்த்து நின்றுகொண்டார்.

“நிக்கறேன். நீங்க ஜன்னலைப் பார்த்துக்குங்க. கதவை நான் பார்த்துக்கறேன்.”

குழம்பைப் பற்றிப் பேசிய அதே வாய்தான். மன்னிப்பு என்று தனியாக எதுவும் கேட்கவில்லை. சமையல்காரரும் அதை எதிர்பார்க்கவில்லை.

நர்ஸம்மா தரையில் உட்கார்ந்தபடியே, அப்போ எனக்குப் பின்னால் யார் என்று அதட்டினார். மாமா கையைக் காட்டினார். நர்ஸம்மா வந்து முதுகைச் சேர்த்தார். அடுத்தவர் வந்தார். அதற்கடுத்தவரும் வந்தார். யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஹாலின் நட்டநடுவில், முதுகுகள் உள்ளே, முகங்கள் வெளியே என்று ஒரு வட்டம் நின்றது. எல்லாத் திசையிலும் ஒருவர் கண் இருந்தது. எல்லார் முதுகுக்கும் ஒரு சுவர் இருந்தது.

மாப்பிள்ளை பார்த்தார். வாரக்கணக்காக இவர்களை நடுவுக்குக் கொண்டு வரத் தலையைப் பிய்த்துக்கொண்டவர் அவர். இப்போது கலைத்தால் போச்சு. ஆனது ஆகட்டும் என்று தொண்டையைக் கனைத்தார்.

“அப்படியே நில்லுங்க. யாரும் நகர வேண்டாம். முட்டியை மடக்கி, மெதுவா உட்கார்ந்து எழுந்திருக்கப் போறோம்.”

ஒரு சிக்கல். வெளியே பார்த்து நிற்கிற வட்டத்தில் எப்படிச் செய்ய வேண்டும் என்று செய்து காட்ட மாப்பிள்ளை ஒரே இடத்தில் நின்றால் இரண்டு பேருக்குத்தான் தெரியும். எனவே அவர் வட்டத்தைச் சுற்றி ஓட வேண்டியதாயிற்று. நர்ஸம்மா முன்னால் ஒருமுறை உட்கார்ந்து எழுந்து, சமையல்காரர் முன்னால் ஓடி ஒருமுறை உட்கார்ந்து எழுந்து, மாமா முன்னால் வந்து சேரும்போது நாக்குத் தள்ளிவிட்டது. வகுப்பில் முதலில் வியர்த்தவர் வாத்தியார்தான்.

மாமா முன்னால் வந்து நின்றவர் தயங்கினார். மாமா பாதிதான் உட்கார்ந்தார். சொல்லாவிட்டால் வகுப்பு இல்லை, சொன்னால் மரியாதை இல்லை. கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டார்.

“மாமா, முட்டி சரியா மடங்கல.”

பெயின்டர்கூடத் தூரிகையை நிறுத்தினார். மாமா மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீங்க சொன்னா மடக்க வேண்டியதுதானே மாப்பிள்ளை,” என்று மடக்கினார்.

முதுகில் இருந்த ஈரப் பெயின்ட் ஒருவரோடு ஒருவரை ஒட்ட வைத்திருந்தது. ஒவ்வொரு முறை எழும்போதும் சட்டைகள் பிரிகிற சத்தம் வந்தது. அந்தச் சத்தத்துக்கு யாரும் திடுக்கிடவில்லை. அதை எல்லாருமாகச் சேர்ந்தல்லவா போடுகிறார்கள்.

மிச்சம் இருந்தது பெயின்டர். அவர் வேலையை நிறுத்த முடியாது, பாவம். ஏணியை மடக்க அவர் கை வைத்ததைப் பார்த்ததும் அத்தைக்கு வாய் தானாகத் திறந்துவிட்டது. வாசலிலிருந்து கணீரென்று ஒரு குரல் வந்தது.

“ஏணியை மடக்கறாங்க.”

ஏணி மடங்கியது. வட்டத்தில் ஒரு தலைகூடத் திரும்பவில்லை.

“டப்பாவைத் தட்டித் திறக்கறாங்க.” திறந்தார். “பலகையைத் தூக்கிப் போடறாங்க, ரெண்டு தடவை.” போட்டார். அத்தை விட்டுவைக்கவில்லை. பெயின்டரின் மூக்கு சுருங்குவதைப் பார்த்து, “அவருக்குத் தும்மல் வரப் போகுது” என்றார். வந்தது. இவ்வளவு நாளும் வீட்டில் மகள் கேலி செய்து சிரித்த பழக்கத்தை இப்போது ஏழெட்டுப் பேர் நம்பி நின்றார்கள். இந்த அம்மா யார், இவரை ஏன் இத்தனை நாள் கூட்டி வரவில்லை என்று நர்ஸம்மா மாமாவை அதட்டினார். மாமா பெருமையை மறைக்க முட்டியை இன்னும் கொஞ்சம் மடக்கினார்.

வகுப்பு முடிந்தது. முழுதாக முடிந்தது. கடைசிவரை மாமா கதவைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார், ஆனால் அதன் வழியாகப் போகவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போதும் பெட்டியை மாமாதான் தூக்கினார். கேட்டைத் திறந்தபோதுதான், ஏதோ புதுச் செய்தியைச் சொல்வதுபோல ஆச்சரியத்தோடு சொன்னார்.

“நெஞ்சு அடிச்சுது. கடைசிவரைக்கும் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. ஒண்ணும் ஆகல.”

“அப்படியா,” என்றார் அத்தை. வேறு எதையாவது சொன்னால் அழுகை வந்துவிடும் என்று அதோடு நிறுத்திக்கொண்டார். பெட்டியை உடனே உள்ளே வைக்கச் சொல்லவும் இல்லை. ஜெயித்தவர் மாமாதான் என்றாலும் பெட்டியைக் கொஞ்ச நேரம் அவர் கண்ணில் படும்படி வாசலில் வைத்திருப்பதில் ஒரு திருப்தி. சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்காரச் சொல்லிவிட்டு, தண்ணீர் எடுக்கப் போனார்.

தண்ணீரோடு வந்து பார்த்தால் ஹாலில் ஆளைக் காணோம். நாற்காலி காலி.

படுக்கையறையில் இருந்தார் மாமா. ஷூவைக் கழற்றக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு ஷூ கழன்றிருந்தது. இன்னொன்றின் கயிறு கையிலேயே இருந்தது. அப்படியே சாய்ந்து, அத்தையின் தலையணையில் தலை வைத்து, வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். முதுகு முழுக்கப் பச்சை. போர்வை பாதி பச்சை.

இரண்டு மாதமாகப் பகலிலும் சரி, ராத்திரியிலும் சரி, மாமா இப்படித் தூங்கி அத்தை பார்க்கவில்லை.

அத்தை என்ன செய்வார்? தம்ளரை மேஜையில் வைக்க வேண்டும். வைத்தால் சத்தம் வரும். வைக்கப்போகிறேன் என்று அறிவித்தால் அதுவே சத்தம். கல்யாணம் ஆன நாளிலிருந்து இப்படி ஒரு இக்கட்டு அவருக்கு வந்ததில்லை. தம்ளரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பூனை நடை நடந்து ஹாலுக்கு வந்து, கிடைத்த இடத்தில் உட்கார்ந்தார். கிடைத்த இடம் மாமாவின் நாற்காலி.

அதில் அவர் இதுவரை உட்கார்ந்ததே இல்லை. நேர் எதிரே வாசற்கதவு. கதவுக்குப் பக்கத்தில் அந்தக் கோணல் கண்ணாடி. தலைவாரப் போனால் காதை மட்டும் காட்டுகிற கண்ணாடி.

நாற்காலியிலிருந்து பார்த்தால் அது காதைக் காட்டவில்லை. திறந்திருந்த படுக்கையறைக் கதவைக் காட்டியது. கட்டிலைக் காட்டியது. கட்டிலிலும் ஒரே ஒரு இடத்தைத்தான் முழுதாகக் காட்டியது, அத்தையின் தலையணையை. இப்போது அதில் மாமாவின் தலை இருந்தது.

அட்டையை மடித்து மடித்துச் சொருகிச் சாய்த்தது இதற்குத்தான். இத்தனை ராத்திரியும் மாமா வாசலை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

அத்தை அழுதார். போர்வையில் இருக்கிற பெயின்ட் போகுமோ போகாதோ என்ற கவலையில் அழுததாக மகளிடம் பின்னால் சொல்லுவார், நீங்கள் நம்ப வேண்டாம். அழுது முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு கண் வாசலில், ஒரு கண் கண்ணாடியில். இன்றைக்குக் காவல் அவர்.

காவலுக்கு உட்கார்ந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. மத்தியானப் பேருந்து எப்போதோ போய்விட்டது. அதில் அவர் ஏறவில்லை. ஏறாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று காலையில் அவரே உத்தரவு போட்டிருக்கிறார்.

தெருவில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. கதவு திறந்தது. அக்காவை இழுத்துக்கொண்டு போவதற்கென்றே புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தங்கை இறங்கினார். வாசலில் இருந்த பெட்டியைப் பார்த்தார். மார்பு நிறைய மூச்சை இழுத்தார்.

அத்தை கையில் தம்ளரோடு பாய்ந்தார். கண்ணாடியில் மாமா புரண்டு படுத்தார். கேட்டுக்கு இன்னும் பாதித் தூரம் இருக்கிறது, தங்கையின் வாய் திறந்துவிட்டது.